விட்டுப் போகாத விருந்தாளி: அக்கியும் சின்னம்மையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஐம்பது வயதைக் கடந்த பெரியவர் எவருடைய கையையேனும் உற்று நோக்குங்கள். மேல்கையிலோ முன்கையிலோ காசு அளவில் ஒரு தழும்பு தெரியும். 'அம்மை குத்திய' அடையாளம் அது. பெரியம்மை என்னும் கொடுநோய் மனித குலத்திடம் தோற்றுப் போனதற்கு அத்தழும்பே சாட்சி. சென்னை கிண்டியில் 1899ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கிங் நிலையம், அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு பெரியம்மை நின்றது. 1980ஆம் ஆண்டு மே மாதம், உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்ததென்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

ஆனால் சின்னம்மை ஒழியவில்லை. மாசி, பங்குனி பிறந்தால் புதுவைத் தெருக்களில் ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்குகிறது. பெரியதை வென்ற நாம் சின்னதை வெல்ல முடியாமற் போனது ஏன்?

பெயரில்தான் இரண்டும் அம்மை. பிறப்பில் இரண்டுக்கும் உறவே இல்லை. பெரியம்மை வைரஸ் உடலுக்குள் வந்தால், ஒன்று ஆளைக் கொல்லும். அல்லது ஆளை விட்டுப் போகும். ஒளிந்து வாழ அதற்குத் தெரியாது. நோயாளி ஒவ்வொருவரையும் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளோர்க்குத் தடுப்பூசி போட்டதும் அதற்குப் போக்கிடம் இல்லாமற் போயிற்று. சின்னம்மை வைரஸோ ஒருமுறை உள்ளே வந்தால் ஆயுள் முழுவதும் போகாது. கொப்புளம் ஆறி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மன் கோயிலுக்குப் போய் வந்த பிறகும் அது நம் உடம்பிலேயே உறங்குகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து விழித்துக்கொண்டால், அதைத்தான் நம்மவர் 'அக்கி' என்கின்றனர்.

இவ்வாறு விட்டுப் போகாத விருந்தாளியாக வந்து தங்கும் வைரஸ் குடும்பத்தைப் பற்றியும், அதைத் தடுக்க வழி உண்டா என்பது பற்றியும் நான் படித்தறிந்தவற்றை இங்கே எழுத விழைகிறேன்.

ஹெர்ப்பிஸ் குடும்பம்

'ஹெர்ப்பிஸ்' என்னும் சொல் 'ஊர்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தோலின்மேல் கொப்புளங்கள் ஊர்ந்து பரவுவதைக் கண்டு பண்டைய மருத்துவர்கள் அப்பெயரிட்டனர். இக்குடும்பத்து வைரஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. யானைக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று என ஒவ்வோர் உயிரினத்துக்கும் தனித்தனியே உண்டு. மனிதரைப் பற்றுவன ஒன்பது.

அவற்றுள் முதன்மையானவை மூன்று. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை பெரும்பாலும் உதட்டிலும் வாயிலும் கொப்புளம் உண்டாக்குவது. இரண்டாம் வகை பிறப்புறுப்பைப் பற்றுவது. மூன்றாவதாகிய வாரிசெல்லா சோஸ்டர் என்பதுதான் சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணம். 1964ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட எப்ஸ்டைன் பார் வைரஸும், கருவிலுள்ள குழந்தையின் செவித்திறனைக் கெடுக்கவல்ல சைட்டோமெகலோ வைரஸும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இவற்றின் உடலமைப்பு ஒரே மாதிரியானது. நடுவில் இரட்டை இழை டி.என்.ஏ.; அதைச் சுற்றி இருபது முகங்கள் கொண்ட புரதக் கூடு; அதற்கும் வெளியே கொழுப்பாலான மெல்லிய உறை. இந்த உறை சோப்புக்கும் உலர்ச்சிக்கும் தாங்காது. ஆதலால் இவை வெளியிடத்தில் நெடுநாள் உயிர்த்திருப்பதில்லை. அவற்றின் கோட்டை நம் உடம்புதான்.

நரம்பு முடிச்சில் ஓர் உறக்கம்

தோலில் கொப்புளம் எழும்பும்போது, அங்குள்ள நரம்பு நுனிகளுக்குள் வைரஸ் நுழைகிறது. நரம்பிழையின் வழியே உள்நோக்கிப் பயணம் செய்து, தண்டுவடத்தை ஒட்டியும் தலையிலும் உள்ள நரம்பு முடிச்சுகளை அடைகிறது. அங்குள்ள நரம்பணுவின் உட்கருவில் தன் டி.என்.ஏ.வை வளையமாகச் சுருட்டி வைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. புரதம் ஏதும் பெரிதாக உண்டாக்காமல் இருப்பதால் நம் எதிர்ப்பாற்றலின் கண்ணுக்கு அது தட்டுப்படுவதில்லை. மருந்துக்கும் அகப்படுவதில்லை. நரம்பணுக்கள் மற்ற உயிரணுக்களைப் போல் அடிக்கடி அழிந்து புதிதாகத் தோன்றுவன அல்ல என்பதால், அங்குக் குடியேறியது அங்கேயே கிடக்கும்.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1892ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்டில் குழந்தை மருத்துவர் போக்காய் என்பவர், அக்கி கண்டவர் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்தார். இரண்டும் ஒரே நோயின் இரு வடிவங்களோ என்னும் ஐயம் அன்றே எழுந்தது. பின்னர், இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் பொது மருத்துவராக இருந்த எட்கர் ஹோப் சிம்ப்சன், தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பற்றிப் பதினாறு ஆண்டுகள் குறிப்பெழுதி வந்தார். ஊரில் சின்னம்மை பரவும் காலத்துக்கும் அக்கிக்கும் தொடர்பில்லை என்பதையும், வயது ஏற ஏற அக்கி மிகுதியாகிறது என்பதையும் கண்டார். வெளியிலிருந்து வருவதன்று, உள்ளே உறங்கிய பழைய வைரஸே எதிர்ப்பாற்றல் தளரும்போது விழிக்கிறது என்று 1965ஆம் ஆண்டு எழுதினார். பெரிய ஆய்வுக்கூடம் அவரிடம் இல்லை. குறிப்பேடும் பொறுமையும் இருந்தன. 1983ஆம் ஆண்டு, இறந்தோரின் நரம்பு முடிச்சுகளில் அவ்வைரஸின் மரபுப் பொருள் கண்டறியப்பட்டபோது அவர் கூற்று மெய்யாயிற்று.

அக்கி ஏன் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருகிறது என்னும் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு நரம்பும் தன் பக்கத்துத் தோலில் ஒரு பட்டையை மட்டுமே ஆள்கிறது, நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. எந்த முடிச்சில் வைரஸ் விழித்ததோ அந்த நரம்பின் வழியே தோலுக்கு வந்து, அந்தப் பட்டையில் மட்டும் கொப்புளம் எழுப்புகிறது. பிரெஞ்சு மொழியில் அக்கிக்கு 'சோனா' என்று பெயர். 'இடைக்கச்சை' என்பது அதன் மூலப்பொருள். கிரேக்கச் சொல்லாகிய 'சோஸ்டர்' என்பதற்கும் அதே பொருள். கச்சை கட்டியதுபோல் பாதி உடம்பைச் சுற்றி வருவதால் இப்பெயர்கள் அமைந்தன.

அக்கி எழுதுதலும் மூன்று நாள் கணக்கும்

நம் பக்கத்தில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போவது நெடுநாளைய வழக்கம். செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் பூசி உருவம் எழுதுவார்கள். 'அக்கி எழுதுதல்' என்றே அதற்குப் பெயர். சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர் நம் அருகிலேயே இருக்கிறது. மண்ணோடு வாழ்ந்தவரின் கையில் நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்று மக்கள் நம்பியதில் வியப்பில்லை. காவி குளிர்ச்சி தரும். எரிச்சல் சற்றுத் தணியும். அன்போடு ஒருவர் உட்கார்ந்து எழுதுவதில் நோயாளிக்கு ஆறுதலும் உண்டு. இரண்டு முதல் நான்கு வாரங்களில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. எழுதாவிட்டாலும் அது அப்படித்தான் உதிரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

அப்படியானால் எழுதிக்கொள்வதால் என்ன கேடு? கேடு காவியில் இல்லை. கழிந்து போகும் நாட்களில் இருக்கிறது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். எங்கள் ஆயாவுக்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரை நோயும் உண்டு. இடப்பக்க விலாவில் முதலில் எரிச்சல் மட்டும் கண்டது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் முத்து முத்தாகக் கொப்புளம் எழும்பியது. அக்கி என்று தெரிந்து, மூன்று நாட்கள் எழுதினார்கள். வலி பொறுக்க முடியாமற் போகவே மருத்துவமனைக்குச் சென்றபோது கொப்புளம் கண்டு எட்டு நாட்கள் ஆகியிருந்தன. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கொப்புளம் வந்து எத்தனை நாள் ஆச்சும்மா?" என்பதுதான். புண் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. வலியோ ஐந்து மாதம் நின்றது. ரவிக்கைத் துணி பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் துடிப்பார். இரவில் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது என் வேலை. சீட்டில் 'ஹெர்ப்பிஸ் சோஸ்டர்' என்று இருந்தது. மருத்துவர் நாட்களை ஏன் எண்ணினார் என்று தேடிப் படிக்கத் தொடங்கியதே இக்கட்டுரைக்கு வித்து.

வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்ல பலன் தரும். வைரஸ் மும்முரமாகப் பெருகும் காலம் அது. அதற்குள் தொடங்கினால் புண் விரைவில் ஆறும். வலியின் கடுமையும் குறையும். அதன்பின் மருந்து பயனே தராது என்பதில்லை. புதுக் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தாலோ கண் பாதிக்கப்பட்டாலோ பின்னரும் கொடுப்பர். ஆயினும் முதல் மூன்று நாட்களுக்கு ஈடில்லை. அந்த மூன்று நாட்களைத்தான் நம் வீடுகளில் தைலத்துக்கும் காவிக்கும் செலவழித்துவிடுகிறோம்.

அக்கி ஆறிய பின்னும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, சேதமுற்ற நரம்பின் அலறல். அக்கி கண்ட பத்துப் பேரில் ஒருவருக்கேனும் இது வருகிறது; முதியோருக்கு இன்னும் மிகுதி. சர்க்கரை நோயாளிகளுக்கு அக்கி வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி, புதுச்சேரியில் வளர்ந்தோருள் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. கோவாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் நமக்குத்தான்! ஆகவே அக்கி நம் ஊருக்குச் சின்ன விஷயமன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெற்றியிலோ கண்ணிமையிலோ மூக்கு நுனியிலோ அக்கி கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. முகத்து நரம்பின் அக்கிளை கண்ணுக்கும் செல்வதால் பார்வையே பறிபோகக்கூடும்.

வேப்பிலை சொல்லும் செய்தி

சின்னம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவர். வெளியார் உள்ளே வரமாட்டார். வீட்டாரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார். நோயாளிக்குத் தனி இடம், தனிப் பாய், இளநீர், கூழ். தெய்வத்தின் பெயரால் நம் முன்னோர் கடைப்பிடித்த இந்த ஒதுக்கம் நல்ல தொற்றுத் தடுப்பு முறையேயாகும். இதில் ஒரே ஒரு ஓட்டை. கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நோயாளி பிறருக்குத் தொற்றைத் தரத் தொடங்கிவிடுகிறார். வாசலில் வேப்பிலை ஏறும்முன் வைரஸ் காற்றிலேறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு ஆகும்வரை தொற்று நீடிக்கும். தொற்றியவருக்கு 10 முதல் 21 நாட்களில் நோய் வெளிப்படும்.

மாணவ நண்பர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளிர்நாடுகளில் சின்னம்மை பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பலர் அதற்குத் தப்பி வளர்ந்துவிடுகின்றனர். அவர்களுக்கு அது கல்லூரி வயதில், விடுதி அறையில் வருகிறது. வளர்ந்த பின் வரும் சின்னம்மை கடுமையானது, நுரையீரலைத் தாக்கக்கூடும். கருவுற்ற தாய்க்கு வந்தால் தாய்க்கும் சேய்க்கும் இடர். அம்மைக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரையைச் சிறுவர்க்குக் கொடுத்தல் ஆகாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய்க்கு அது வழிவகுக்கும்.

அக்கி கண்டவரிடமிருந்து பிறருக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்புளநீர் பட்டால், இதுவரை அம்மை வராதவருக்குச் சின்னம்மை வரும். கொப்புளத்தைத் துணியால் மூடி வைப்பதும், கைக்குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் சற்று விலக்கி வைப்பதும் நலம்.

வெளியே சொல்லத் தயங்கும் நோய்

உதட்டோரத்தில் கொப்புளம் வந்தால் உடம்புச் சூடு என்று மோர் குடிக்கிறோம். பெரும்பாலும் அது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகையின் வேலை. காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, தேர்வுக் கவலை ஆகியவை உறங்கும் வைரஸைத் தட்டி எழுப்புகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டைய மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேர், அதாவது 64 விழுக்காட்டினர், இவ்வைரஸைச் சுமக்கின்றனர். பலருக்குச் சிறுவயதில் முத்தத்தின் வழியே வந்தது. ஆகவே இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இரண்டாம் வகை பாலுறவின் வழி பரவுவது. 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் சுமார் 52 கோடிப் பேரிடம் அது இருக்கிறது. கொப்புளமே தெரியாத நாட்களிலும் தொற்றக்கூடியது என்பதால், கணவன் மனைவிக்குள் யார் யாருக்குக் கொடுத்தது என்று வழக்காடுவதில் பொருளில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வந்தது இன்று வெளிப்பட்டிருக்கலாம். இந்நோய் உள்ளவருக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. ஆணுறை முழுக் காப்பு அளிக்காவிடினும் ஆபத்தைக் குறைக்கிறது. பிரசவ நேரத்தில் தாய்க்குப் புண் இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு உயிராபத்து நேரலாம். மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டால் மருந்தாலும் அறுவைப் பிரசவத்தாலும் அதைத் தடுக்க முடியும். சொல்லத் தயங்கினால் அந்த வாய்ப்பு கைநழுவும். இந்நோயில் வெட்கமே பெரிய வியாதி.

அதுபோலவே, உதட்டில் கொப்புளம் உள்ளவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும் பச்சைக் குழந்தையை முத்தமிடலாகாது. கண் சிவந்து உறுத்தினால் மருந்துக்கடையில் நாமே சொட்டு மருந்து வாங்கி விடுவதும் தவறு. ஹெர்ப்பிஸ் கண்ணின் கருவிழியையும் பற்றும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் மேற்பார்வையின்றி விட்டால் புண் பெரிதாகிப் பார்வை மங்கும். நம்மூர்த் தவளக்குப்பத்திலேயே 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகையில் மருந்துக்கடையில் வைத்தியம் கேட்பானேன்?

ஒரு பெண்மணி கண்ட மருந்து

வைரஸுக்கு மருந்து கண்டுபிடித்தல் அரிது. காரணம், வைரஸ் நம் உயிரணுவுக்குள் புகுந்து அதன் கருவிகளையே பயன்படுத்துகிறது. அதை அடித்தால் அடி நம்மேல் விழும். இச்சிக்கலை விடுவித்ததில் பெரும்பங்கு கெர்ட்ரூட் எலியன் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் ஆய்வுக்கூடத்துக்கு உண்டு. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படித்தால்தான் முனைவர் பட்டம் என்று சொன்னபோது, வேலையை விட மனமின்றிப் பட்டத்தை விட்டவர் அவர். 1988ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவர் குழுவினர் 1970களில் அறிவித்த மருந்தே அசைக்ளோவிர். டி.என்.ஏ. இழையைக் கட்டும் செங்கற்களுள் ஒன்றைப் போன்ற வடிவுடையது அது. ஆனால் அதன்மேல் அடுத்த கல்லை வைக்க முடியாது. தானாக அது வேலை செய்யாது. பாஸ்பேட் ஒன்று அதனோடு சேர்ந்தால்தான் செயற்படும். அதைச் சேர்க்கும் தைமிடின் கைனேஸ் என்னும் நொதி வைரஸிடம் உள்ளது. நம் உயிரணுவின் நொதிகள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகவே வைரஸ் புகுந்த அணுவில் மட்டும் மருந்து விழித்தெழுந்து, வைரஸின் டி.என்.ஏ. இழையைப் பாதியில் நிறுத்துகிறது. திருடனிடம் உள்ள சாவிக்கு மட்டும் திறக்கும் பொறி என்று இதைச் சொல்லலாம். இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இம்மருந்து இடம்பெற்றுள்ளது.

உறங்கும் வைரஸ் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதில்லை, எனவே அதனை இம்மருந்து தொடுவதில்லை. விழித்தவனை அடக்கும், உறங்குபவனை வெளியேற்றாது. ஆதலின் தடுப்பூசியின் தேவை எழுகிறது.

தடுப்பூசியின் கதை

ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி 1960களில் அமெரிக்காவில் பணிபுரிந்தபோது அவருடைய மூன்று வயது மகனுக்குக் கடுமையான சின்னம்மை கண்டது. தாயகம் திரும்பிய அவர், ஒகா என்னும் குடும்பத்துச் சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸைக் குறைந்த வெப்பநிலையிலும், பிறகு சீமைப்பெருச்சாளியின் கரு உயிரணுக்களிலும் மீண்டும் மீண்டும் வளர்த்தார். புதிய சூழலுக்குப் பழகப் பழக, மனிதரை வாட்டும் வலிமையை அது இழந்தது. 1974ஆம் ஆண்டு வெளியான அத்தடுப்பூசி இன்றும் 'ஒகா' என்றே வழங்குகிறது. 1995ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு அதைப் போட்டு வரும் அமெரிக்காவில் சின்னம்மை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. அம்மை வராத வளர்ந்தோருக்கு நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி. நோயாளியோடு பழகிய மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் போட்டாலும் ஓரளவு காக்கும். உயிருள்ள வைரஸ் ஆதலால் கருவுற்றோருக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் இது ஆகாது.

அக்கிக்கு வந்துள்ள புதிய தடுப்பூசியில் உயிருள்ள வைரஸே இல்லை. வைரஸின் உறையிலுள்ள ஒரு புரதத்தை மட்டும் தனியே தயாரித்து, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருளுடன் கலக்கின்றனர். அத்துணைப்பொருளில் ஒன்று, சிலி நாட்டில் வளரும் ஒருவகைச் சோப்பு மரத்தின் பட்டையிலிருந்து வருவது. நம் பூந்திக்கொட்டையை நுரைக்கச் செய்யும் சப்போனின் இனத்தைச் சேர்ந்த பொருளே அது! 50 வயதைக் கடந்தோரிடம் நடந்த சோதனையில் இத்தடுப்பூசி 97 விழுக்காடு காப்பளித்தது. 70 வயதைக் கடந்தோருக்கும் ஏறத்தாழ 90 விழுக்காடு. அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டும் இந்தியாவில் 2023ஆம் ஆண்டும் விற்பனைக்கு வந்தது.

2025ஆம் ஆண்டு வெளியான மற்றொரு செய்தி வியப்பூட்டுவது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 1933 செப்டம்பர் 2ஆம் நாளோ அதன் பின்னரோ பிறந்தோருக்கு மட்டும் பழைய அக்கித் தடுப்பூசி போட்டனர். அந்நாளுக்குச் சற்று முன் பிறந்தோரையும் பின் பிறந்தோரையும் ஒப்பிட்டபோது, ஊசி போட்டவர்களிடம் ஏழாண்டுகளில் மறதி நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கக் கண்டனர். காரணம் இன்னும் ஆராயப்படுகிறது.

நம் நிலை என்ன? சின்னம்மைத் தடுப்பூசியும் அக்கித் தடுப்பூசியும் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. அக்கித் தடுப்பூசியின் விலையோ கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எட்டாத கொம்புத்தேன். 1823ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் மருத்துவப் பள்ளி நிறுவிய ஊர் இது. இன்று கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. மருத்துவம் நம் வாசலில் இருந்தும், தேவைப்படும் முதியவருக்குத் தடுப்பூசி எட்டவில்லை. குறைந்த விலையில் இங்கேயே தயாரிக்கும் நாள் வரவேண்டும். அதற்கு உழைக்கும் அறிவியலார் நம் போன்ற கல்லூரிகளிலிருந்தும் எழவேண்டும்.

நாளைய நம்பிக்கை

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கு இன்றளவும் தடுப்பூசி இல்லை. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட பெரிய சோதனை ஒன்று, இரண்டாம் வகையைத் தடுக்கவில்லை என்று 2012ஆம் ஆண்டு முடிவுற்றது. ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. நாமக்கல்லைப் பாருங்கள். கோழிகளின் நரம்பைத் தாக்கி, கழலைப் புற்றையும் உண்டாக்கும் மாரக் நோய் ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸால் வருவது. வான்கோழியின் தீங்கற்ற ஹெர்ப்பிஸ் வைரஸைக் கொண்டு 1970ஆம் ஆண்டு வாக்கில் தடுப்பூசி கண்டனர். புற்றைத் தடுத்த முதல் தடுப்பூசி அதுவே. குஞ்சு பொரித்த அன்றே அதைப் போடுவதால் முட்டைக் கோழிப் பண்ணைகள் பிழைக்கின்றன. அத்தடுப்பூசி மாரக் வைரஸ் கோழிக்குள் நுழைவதை முற்றிலும் தடுப்பதில்லை. நோயாக மாறுவதைத் தடுக்கிறது. விருந்தாளி வரலாம், வீட்டைக் கொளுத்தக்கூடாது. மனிதருக்கும் இத்தகைய காப்பே முதலில் கிட்டக்கூடும்.

வேறொரு வழியும் ஆராயப்படுகிறது. நரம்பணுவுக்குள் உறங்கும் வைரஸின் டி.என்.ஏ.வையே தேடிச் சென்று வெட்டும் மரபணுக் கத்தரியை அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் உருவாக்கி, எலிகளின் நரம்பு முடிச்சில் இருந்த வைரஸின் பெரும்பகுதியை அழித்துக் காட்டினர். 2020ஆம் ஆண்டு அம்முடிவு வெளியாயிற்று. எலியிலிருந்து மனிதனுக்கு நெடுந்தொலைவு. ஆயினும், போகாத விருந்தாளியைப் போகச் சொல்லும் முயற்சி தொடங்கிவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

அதுவரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. சின்னம்மை வந்ததில்லை என்றால் மருத்துவரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்கலாம். அம்மை கண்ட நண்பன் வகுப்புக்கு வராதிருக்கும் நாட்களில் அவனுக்குக் குறிப்பெழுதிக் கொடுத்து, கொப்புளம் காயுமுன் வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்க உதவலாம். பிறப்புறுப்பில் புண் என்று ஒருவர் நம்பிச் சொன்னால், முகம் சுளிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு செய்தியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கலாம். உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக, எரிச்சலோடு கொப்புளம் கண்டால் அது அக்கியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காவி எழுதியே ஆகவேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் அவரோடு சண்டை வேண்டாம். முதலில் மாத்திரை, புண் காய்ந்த பிறகு அவர் மனம் போல எழுதிக்கொள்ளட்டும். படித்த பிள்ளை சொன்னால் கேட்கும் வீடுகள் நம் வீடுகள். ஆகவே இப்பக்கத்தை மூடுமுன் அந்தக் கணக்கை நினைவில் இருத்துங்கள்: கொப்புளம் கண்டதிலிருந்து 72 மணி நேரம்.